மஞ்சள் இலை, இரும்பு: நாட்குறிப்பு

ஜூன் 3

ரோநாக்ஸ்-1 வந்துவிட்டது, செல்லுக்குள் இருக்கும் ஃபெரஸ் இரும்பு பட்டால் ஒளிரும் சாயம். டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்து, சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, அலுமினியத் தாள் சுற்றி மைனஸ் 20-இல் வைத்தாயிற்று. வெளிச்சம் படவே கூடாது.

ஜூன் 5

நிழல்வலைக்கூடத்துக்குப் போனேன். சுண்ணாம்பு மண் தொட்டிகளில் கடலைச் செடியின் கொழுந்து எல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. அடியிலைகளுக்கு ஒன்றும் இல்லை. ஒரு செடிக்கு மட்டும் போன வாரம் அன்னபேதிக் கரைசல் (இரும்பு உப்பு) தெளித்திருந்தோம். துளி விழுந்த இடம் பச்சைப் பொட்டு பொட்டாகத் தேறியிருக்கிறது. பொட்டுக்கு வெளியே, ஒரு மில்லிமீட்டர் தள்ளி, அதே மஞ்சள். பக்கத்துச் செல்லுக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. வெயில் ஏறும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஜூன் 6

அம்மாவின் ரிப்போர்ட். ஹீமோகுளோபின் 8.4. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 410.

ஜூன் 7

தூக்கம் வரவில்லை. மஞ்சள் இலையை அமிலத்தில் எரித்து அளந்தால் பச்சை இலையில் இருக்கும் அளவுக்கு இரும்பு இருக்கிறது, சிலதில் அதைவிட அதிகமாகவே இருக்கிறது. இது புதிதல்ல. திராட்சையில் இதே முரணை ரோம்ஹெல்ட் 2000-இல் எழுதினார். அதற்கும் முன்னால், 1980-இல், நம் நாட்டில் கத்யாலும் சர்மாவும் மொத்த இரும்பை விட்டுவிட்டு, உலர்த்தாத புது இலையை ஆர்த்தோ-ஃபினாந்த்ரோலினில் ஊறவைத்து, வெளியே வரும் ஃபெரஸை (செல் எளிதில் பயன்படுத்தும் இரும்பு வடிவம்) மட்டும் அளந்து பார்த்தார்கள். கரைசல் ஆரஞ்சுச் சிவப்பாகும். செடியின் நோயோடு அந்த எண்தான் ஒத்துப்போனது. ஆனால் அதற்கு இலையை நறுக்கி ஊறப்போட வேண்டும். எந்தச் செல்லில் இருந்தது, நரம்போரத்திலா, நடுவிலா என்பது அந்தக் கரைசலோடு போய்விடுகிறது. பெர்ல்ஸ் 1867-இலேயே கொடுத்துவிட்டுப் போன நீலச் சாயம் இடத்தைக் காட்டும், ஆனால் அது பிடிப்பது இரும்பின் இன்னொரு வடிவமான ஃபெரிக்கை; அமிலமும் வேண்டும், செல் உயிரோடு இருக்காது. எனக்கு வேண்டியது உயிரோடு இருக்கும் இலையில், கைக்கெட்டும் ஃபெரஸ். அது எங்கே நின்றுபோகிறது?

ஜூன் 10

நுண்ணோக்கியில் முதல் படம். வேர் நுனி ஆரஞ்சாக ஒளிர்ந்தது. என் ஆய்வு வழிகாட்டி மேடம் "அழகா இருக்கு" என்றார். சாயமே போடாத வேரையும் அதே லேசரில், அதே அமைப்பில் எடுத்துப் பார்த்தேன். அதுவும் மங்கலாக ஒளிர்கிறது! செல்சுவரில் லிக்னின், வேரின் உள்தோலில் காஸ்பேரியப் பட்டை (நீர் புகாத வளையம்), இலைக்குப் போனால் பச்சையம். செடி தானாகவே விளக்கேற்றிக்கொண்டு நிற்கிறது. பச்சையத்தின் ஒளி 650 நானோமீட்டருக்கு மேலே, ரோநாக்ஸ் 575 பக்கம், அதைப் பிரித்துவிடலாம். செல்சுவர்தான் தொல்லை. இலை வெட்டில் வேறொரு கவலை: வெட்டுப்பட்ட ஓரம் எப்போதும் அதிகமாக ஒளிர்கிறது. காயம்பட்ட செல் சாயத்தைக் கண்டபடி குடிக்கும். ஓரத்தைத் தள்ளி, இரண்டு மூன்று வரிசை உள்ளே இருக்கும் செல்களை மட்டும் நம்புவது என்று வைத்துக்கொள்கிறேன். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாத ஒளியைக் காட்டி "இரும்பு" என்று எழுதும் கட்டுரைகளைப் பார்த்தால் கோபம் வருகிறது.

ஜூன் 11

அம்மாவுக்கு மூட்டு வீக்கம் அப்படியே. போனில் "என்ன கண்ணு, சாப்டியா" மட்டும்.

ஜூன் 14

பைபிரிடில். செல்லுக்குள் நுழைந்து ஃபெரஸை முதலில் பிடித்துக்கொள்ளும். அதில் ஊறவைத்த பிறகு சாயம். ஆரஞ்சு விழுந்துவிட்டது, செல்சுவரின் மங்கல் மட்டும் மிச்சம். அந்த வித்தியாசம்தான் என்னுடையது. அந்தி வரை சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 17

ஆஸ்பத்திரி. ஃபெரிட்டின் இவ்வளவு இருக்கும்போது ரத்தம் ஏன் குறைகிறது என்று அப்பா கேட்டார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: உடம்பில் அழற்சி இருக்கும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டும், அது செல்லிலிருந்து இரும்பு வெளியேறும் வாசலை அடைத்துவிடும், இருப்பு உள்ளேயே கிடக்கும். "அப்ப மாத்திரை வேஸ்ட்டுங்களா?" முதலில் வீக்கத்தைக் குறைக்க வேண்டும் என்றார். அம்மா என் விரல்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் அந்தப் பச்சைப் பொட்டுகள்தான் நினைவில்.

ஜூன் 18

ஒளியை பி.பி.எம்.மாக (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு இரும்பு என்று) மாற்றித் தரச் சொல்கிறார்கள். முடியாது. ஃபெரஸ் வந்து ரோநாக்ஸில் உள்ள ஆக்சிஜன் அணுவைப் பிடுங்கினால்தான் அது ஒளிரும், பிடுங்கியது பிடுங்கியதுதான், திரும்பாது. அரை மணி நேரம் ஊறிய வேரில் தெரிவது இந்த நொடி இருப்பு அல்ல, அந்த அரை மணியில் வந்துபோனதன் சேர்மானம். கால்சீன் என்ற இன்னொரு சாயம் இதற்கு நேர்மாறு: இரும்பு சேர்ந்தால் அணையும். அணைந்த செல்லில் இரும்பு இருக்கிறதா, சாயமே நுழையவில்லையா? இரும்பை இழுத்துக்கொள்ளும் மருந்து விட்டு, ஒளி திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். சரி, இரண்டையும் ஒரே செடியில் வைத்துப் பார்ப்பேன். எண் கேட்பவர்கள் காத்திருக்கட்டும்.

ஜூன் 20

கரண்ட் இல்லை. நுண்ணோக்கி ஸ்லாட் போச்சு.

ஜூன் 21

மஞ்சள் இலை: நரம்பை ஒட்டிய செல்களில் ஆரஞ்சு, அடுத்த வரிசையில் பாதி, நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பச்சை இலையில் ஒரே சீராக. பைபிரிடில் போட்டால் இரண்டும் சமம். இரும்பு இலைவரை வந்திருக்கிறது. வந்து, நரம்போரமே நின்றிருக்கிறது. ஒரே செடிதான், இன்னும் வேண்டும், தெரியும். ஆனாலும் நடு இரவில் மேடத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூன் 22

மேடம் பதில்: "வேறு தொட்டி, வேறு இலை, மறுபடியும்." நாளை 7 மணி ஸ்லாட். பைபிரிடில் புதிதாகக் கரைக்க வேண்டும். அப்பா காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார், இப்போதுதான் பார்க்கிறேன்.