அரியர் தாளை மீட்டுக் கொடுத்த ஒரு கேள்வி: கணினி அனிமேஷன் வரலாறு, என் அனுபவம்

நேற்று மாலை முடிவு வெளியானது. கணினி அனிமேஷன் வரலாற்றுத் தாளில் 71 வாங்கியிருக்கிறேன். சென்ற நவம்பரில் இதே தாளில் 34தான் கிடைத்தது. ஆறு மதிப்பெண்ணில் தேர்ச்சி போனது. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. இப்போது மனம் லேசாகிவிட்டது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், அடுத்த முறை எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்கு உதவட்டும்.

தாளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். சிறுவினாக்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நான் தவறியதும் தேறியதும் 'முழுநீளத் திரைப்படங்களின் வழியே கணினி அனிமேஷன் வளர்ந்த விதத்தை விளக்குக' என்ற நெடுவினாவில்தான். இரண்டு முறையும் அதுவே வந்தது, சொற்கள் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தன.

முதல் முறை விடுதியில் கைமாறி வந்த ஒரு நகல் குறிப்பை நம்பினேன். நாற்பது படங்களின் பெயர், எதிரே ஆண்டு. மூன்று இரவு உட்கார்ந்து நெட்டுருப் போட்டு, ஒன்று விடாமல் ஆறரைப் பக்கம் எழுதினேன். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால் 20க்கு 5. 'ட்ரான் (1982), முழுவதும் கணினியில் உருவான முதல் படம்' என்று நான் எழுதிய வரியின் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

அந்த ஒற்றைக் குறியை வைத்துக்கொண்டுதான் மறுபடி படிக்க ஆரம்பித்தேன். ட்ரானில் கணினி உருவாக்கிய காட்சிகள் 15 முதல் 20 நிமிடம் மட்டுமே. மற்றபடி, கணினி உலகத்துக்குள் நடிகர்கள் நடமாடும் காட்சிகளைக் கறுப்பு வெள்ளையில் படம்பிடித்து, ஒவ்வொரு ஃபிரேமையும், அதாவது படச்சுருளின் ஒவ்வொரு தனிப்படத்தையும், பெரிதாக்கி, பின்னாலிருந்து ஒளி பாய்ச்சி வண்ணம் ஏற்றினார்கள். முழுநீளமும் கணினியிலேயே செய்த முதல் படம் 1995 நவம்பரில் வந்த டாய் ஸ்டோரி. இடையில் பதின்மூன்று ஆண்டுகள். ஏன் அவ்வளவு காலம் பிடித்தது? நாற்பது பெயர்களில் இதற்கு விடை இல்லை.

அன்று முதல் ஒவ்வொரு படத்துக்கும் ஒரே கேள்விதான் கேட்டேன்:

இந்தப் படத்துக்கு முந்தைய நாள் வரை கணினியால் எது முடியாமல் இருந்தது?

இந்தத் தாளுக்கு இதைத் தவிர வேறு வழியே இல்லை என்று நான் நம்புகிறேன். ஆண்டுகளைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. தடையைப் பிடித்தால் ஆண்டு கூடவே வந்துவிடும்.

டாய் ஸ்டோரியையே எடுத்துக்கொள்ளுங்கள். கதை ஏன் பொம்மைகளைப் பற்றியது? அந்நாளைய கணினியில் எதைச் செய்தாலும் பிளாஸ்டிக் போலவே தெரிந்தது. தோல், முடி, துணி மூன்றும் கைக்கு வரவில்லை. ஆகவே பிளாஸ்டிக்காகவே இருக்கவேண்டியவர்களைக் கதாநாயகர்கள் ஆக்கினார்கள். தோழியின் மடிக்கணினியில் அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். விண்வெளி வீரர் பொம்மையான பஸ் லைட்இயரின் தலைக்கவசக் கண்ணாடியில் அறை வளைந்து பிரதிபலிப்பது இன்று பார்த்தாலும் அழகு. அதே படத்தில் அந்த நாயைப் பாருங்கள், முடி உடம்போடு ஒட்டிப்போன மாதிரி இருக்கும். மனிதர்கள் வரும் பல இடங்களில் காலும் கையும்தான் தெரியும். எது முடியவில்லை என்பது திரையிலேயே எழுதியிருக்கிறது.

கணக்கும் போட்டேன். படத்தில் 1,14,240 ஃபிரேம்கள். அவற்றை ரெண்டர் செய்ய, அதாவது கணினி கணக்கிட்டு இறுதிப் படமாக்க, 8 லட்சம் இயந்திர மணிநேரம் ஆனது. வகுத்தால் ஒரு ஃபிரேமுக்குச் சராசரியாக 7 மணிநேரம். திரையில் அது ஒரு நொடியில் இருபத்துநான்கில் ஒரு பங்கு. இதை விடைத்தாளில் வகுத்தே காட்டினேன்.

அடுத்தது முடி. 2001, மான்ஸ்டர்ஸ் இன்க். அதில் வரும் சல்லி என்ற பூதத்தின் உடம்பில் ஏறத்தாழ 23 லட்சம் முடிகள். கையால் அசைத்து முடியுமா? அனிமேட்டர் உடம்பை மட்டும் அசைப்பார், முடி எப்படிப் புரளும் என்பதை இயற்பியல் விதிகளின்படி கணினி கணக்கிடும். ஆனால் அசைவு பாதிதான். ஒரு முடியின் நிழல் பக்கத்து முடியின் மேல் விழாவிட்டால் மொத்தமும் வண்ணம் பூசிய பஞ்சு போலத் தட்டையாகிவிடும். அதற்கென்றே நிழல் கணக்கிடும் புதிய முறை ஒன்றை இந்தப் படத்தையும் டாய் ஸ்டோரியையும் எடுத்த பிக்ஸார் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்டிருந்தார்கள். சல்லி பனியில் விழுந்து கிடக்கும் காட்சியில் காற்று அடிக்கும்போது முடி வகிடு பிரிந்து மூடுவதைப் பாருங்கள். அந்த ஒரு காட்சியைப் பத்து முறையாவது பார்த்திருப்பேன், சலிக்கவில்லை.

தோல் எனக்குப் புரிந்தது மின்வெட்டு வந்த ஓர் இரவில். கைபேசி விளக்கை உள்ளங்கையால் மூடினேன். விரல் இடுக்குகள் சிவப்பாக ஒளிர்ந்தன. ஒளி தோலின் மேல் பட்டுத் திரும்பிவிடுவதில்லை. உள்ளே புகுந்து, சிதறி, வேறோர் இடத்தில் வெளியே வருகிறது. பழைய முறைகள் பட்ட இடத்திலேயே ஒளியைத் திருப்பி அனுப்பின, அதனால்தான் முகங்கள் பீங்கான் போலத் தெரிந்தன. இந்தச் சிதறலைச் சுருக்கமாகக் கணக்கிடும் வழியை ஹென்ரிக் வான் ஜென்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2001இல் வெளியிட்டார்கள். 2002இல் லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படத்தில் வரும் கோலம் (Gollum) என்ற பாத்திரத்தின் தோலில் இதே வழிமுறை உயிர்பெற்றது. அந்தப் பாத்திரத்துக்கு அசைவு கொடுத்த நடிகர் ஆண்டி செர்கிஸின் நடிப்பு ஒரு பாதி, தோலுக்குள் போய்வந்த ஒளி மறுபாதி. நடிப்பைப் பற்றி மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். விடைத்தாளில் உள்ளங்கையும் விளக்கும் வரைந்தேன்.

எனக்கு வரைந்தால்தான் மனதில் நிற்கும். உங்களுக்கு வரைய வராவிட்டாலும் அம்புக்குறி போடலாம், போடுங்கள்.

'முதல்' என்ற சொல்லை எழுதும்போது எதில் முதல் என்று சேர்த்தே எழுதுங்கள். நான் பட்டது போதும்.

- 1973, வெஸ்ட்வேர்ல்டு: எடுத்த படத்தைக் கணினியில் கட்டம் கட்டமாக மாற்றியதில் முதல்.
- 1976, ஃபியூச்சர்வேர்ல்டு: முப்பரிமாணக் கணினி உருவம் முழுநீளப் படத்துக்குள் வந்ததில் முதல். அதில் வரும் கை, 1972இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் எட் கேட்மல் உருவாக்கியது.
- 1985, யங் ஷெர்லாக் ஹோம்ஸ்: நடிகர்களோடு சேர்ந்து தோன்றிய, முழுக்கக் கணினியில் பிறந்த பாத்திரம். வண்ணக் கண்ணாடி வீரன்.
- 1995, டாய் ஸ்டோரி: முழுநீளமும் கணினியில்.

இன்னொன்று, நான் கண்டுபிடித்து மகிழ்ந்தது: ஆய்வுக் கட்டுரை வந்த ஆண்டையும் அது படத்துக்கு வந்த ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வளைவான மேற்பரப்புகளுக்கான கேட்மல்-கிளார்க் முறை 1978. பிக்ஸார் அதை ஒரு பாத்திரத்துக்குப் பயன்படுத்தி முதலில் காட்டியது 1997இல், ஜெரீஸ் கேம் என்ற குறும்படத்தில். ஒளி பரவுவதை ஒரே சமன்பாட்டில் ஜிம் கஜியா எழுதியது 1986. பிக்ஸாரின் முழுநீளப் படத்தில் ஒளி இயல்பாகப் பட்டுத் தெறித்துப் பரவ, 2013இல் மான்ஸ்டர்ஸ் யுனிவர்சிட்டி வரவேண்டியிருந்தது. அறிவு முன்னே போய் நின்றுகொண்டு, கணினியின் வேகம் வந்து சேரக் காத்திருக்கிறது. இந்த இடத்தை எழுதும்போது எனக்குக் கை வேகமெடுத்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகப் படித்தால் போதும்.

டெர்மினேட்டர் 2, 1991: உருகி உருமாறும் உலோகம். ஜுராசிக் பார்க், 1993: இதைக் கொஞ்சம் கூடுதலாகப் படியுங்கள். பொம்மையைக் கையால் அசைத்துப் பழகிய கலைஞர்களுக்காக, மூட்டுகளில் உணரிகள் பொருத்திய டைனோசர் எலும்புக்கூட்டைச் செய்து கொடுத்தார்கள். அதை அசைத்தால் கணினிக்குள் டைனோசர் அசையும். ஃபைனல் ஃபேன்டஸி, 2001: நாயகிக்கு 60,000 முடிகள், ஆனால் கண்ணில் உயிர் இல்லை. மோஷன் கேப்சர் (நடிகரின் அசைவைப் பதிவுசெய்து கணினி உருவத்துக்குக் கொடுப்பது) பற்றி எழுதும்போது 2014இல் வந்த கோச்சடையானைச் சேர்க்கலாம். ஃப்ரோசன், 2013: கெட்டியும் அல்லாத, நீரும் அல்லாத பனி. ஸ்பைடர்மேன் இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ், 2018: நிஜம் போலக் காட்டும் ஓட்டத்தையே நிறுத்திவிட்டு, பல இடங்களில் நொடிக்கு 12 படமாக அசைவைக் குறைத்து, காமிக்ஸ் புத்தகத்தின் அச்சுப் புள்ளிகளைத் திரையில் கொண்டுவந்த படம். தடை கணினியில் இல்லாமல் நம் ரசனையில் இருந்ததற்கு இது ஒன்றே எனக்குக் கிடைத்த சான்று.

தேர்வு அன்று:

- திரைப்படங்கள் ஐந்துக்கு மேல் வேண்டாம். நான் நான்கு எழுதினேன்.
- ஒவ்வொரு பத்தியின் முதல் வரியும் தடையைச் சொல்லவேண்டும், படத்தின் பெயரை அல்ல.
- இந்த வினாவுக்கு 45 நிமிடம் ஒதுக்குங்கள். சிறுவினாவில் இரண்டை விட்டாலும் பரவாயில்லை.
- காலையில் புதிதாக எதையும் படிக்காதீர்கள். நான் டீ மட்டும் குடித்துவிட்டுப் போனேன்.

கடைசிப் பத்தியில் லாத்வியா நாட்டு இயக்குநரின் ஃப்ளோ பற்றி எழுதினேன். 2024இல் வந்து, அடுத்த ஆண்டு ஆஸ்கர் வாங்கியது. இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் என்ற மென்பொருளில் செய்த படம், ஒரு ஃபிரேம் சில நொடிகளில் ரெண்டர் ஆனது. முன் பக்கத்தில் நான் வகுத்துக் காட்டிய 7 மணிநேரத்தை மறுபடி அங்கே எழுதி, இரண்டையும் ஒரு கோட்டால் இணைத்தேன். மணி அடிக்க நான்கு நிமிடம் இருந்தது. வரைந்த படங்களுக்கு எண் போட்டுவிட்டுத் தாளைக் கட்டினேன்.