மூன்று வருடம்

என் எண்ணிக்கை 522இல் வந்து நின்றது. வர வேண்டியது 525.

கிரீன்லாந்து ஐஸ் கோர், அதாவது பனிப்படலத்தைத் துளைத்து எடுத்த நீளமான பனித் தண்டு; வருடத்துக்கு ஓர் அடுக்கு. மேலே 1783இல் ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலை விட்ட அமிலத் தடம். கீழே, 1257இல் இந்தோனேசியாவில் வெடித்த சமலாஸ் எரிமலையின் சல்ஃபேட் 1258இல் ஏறத் தொடங்கும் இடம். இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு வருடமாக எண்ண வேண்டும். சோடியம் குளிர்காலத்தில் ஏறும், கால்சியம் வசந்தகாலத் தூசியோடு ஏறும், இரண்டும் ஒழுங்காக மாறி மாறி வந்தால் எண்ணுவது சுலபம். ஆனால் சில இடங்களில் முகடே இருக்காது, தோள்பட்டை மாதிரி ஒரு வீக்கம்தான். அது ஒரு வருடமா, ஒரே ஒரு புயலா என்று கேட்டால் பனி பதில் சொல்லாது.

மூத்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "மூணு குறையுதே, சந்தேகம்னு விட்டதையெல்லாம் மறுபடி பாருங்க" என்றார். பார்த்தேன். மூன்று கிடைத்தன. நாலாவதைத் தேடவில்லை. "கிடைச்சுதா? சரி" என்றார், அவ்வளவுதான்.

அவர் சொன்னதில் தப்பில்லை. சமலாஸ் தடம் அண்டார்க்டிகாவிலும் இருக்கிறது, அதன் ஆண்டு கேள்விக்குரியதல்ல, ஆகவே தவறு என் எண்ணிக்கையில்தான். 1600இல் பெருவின் வாய்னாபுட்டினா எரிமலை வெடித்த தடமும் என் கணக்கில் சரியாகவே விழுந்திருந்தது, ஆக விட்டுப்போன மூன்றும் அதற்குக் கீழேதான் இருக்க வேண்டும். இதுவரை நான் நிம்மதியாகத்தான் இருக்கிறேன்.

உறுத்துவது நடுவில் இருப்பது. பதினைந்தாம் நூற்றாண்டின் பெரிய சல்ஃபேட் முகடு, குவாயே எரிமலையோடு சேர்த்துப் பேசப்பட்டு இன்றும் சர்ச்சையில் இருப்பது, என் முதல் எண்ணிக்கையில் 1460இல் விழுந்தது. நான் கண்டெடுத்த மூன்றில் இரண்டு அதற்கு மேலே, ஒன்று கீழே. இரண்டு சேர்ந்ததும் அது 1458க்கு வந்துவிட்டது. அந்த முகட்டுக்கு மற்றவர்கள் சொல்லும் ஆண்டு 1458 என்பதை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். படிக்காமல் இருந்திருந்தால் மூன்றையும் கீழேயே கண்டிருப்பேனோ? அந்த இரண்டும் நல்ல அடுக்குகள்தான், இப்போது பார்த்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் இப்போதும் பார்ப்பது அதே கண்தானே.

சந்தேக அடுக்கை அரை வருடம், கூடவோ குறையவோ அரை என்று எழுதும் வழக்கம் உண்டு. நான் மூன்றையும் முழு வருடமாகப் போட்டேன். அப்புறம் வெசூவியஸ் கதை இருக்கிறது: ஒரு தடத்தை கி.பி. 79இல் வெடித்த இத்தாலியின் வெசூவியஸ் எரிமலையுடையது என்று நம்பி கிரீன்லாந்துக் காலக்கணக்கை அதில் கட்டியிருந்தார்கள், 774-775இன் பெரிலியம்-10 ஏற்றத்தை (விண்வெளிக் கதிர்கள் காற்றில் உண்டாக்கும் அணு, பனியில் படிவது) அதே நிகழ்வு பதிந்த மர வளையங்களோடு ஒப்பிட்டபோது சுமார் 7 வருடம் தள்ளியிருப்பது 2015இல் வெளியானது. அவர்களும் கவனமாக எண்ணியவர்கள்தான். இதை நினைத்தால் ஆறுதலாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் வேறொரு துண்டை எண்ணிக்கொண்டு வந்தாள். இரண்டு வருடம் கூடுதல். "சந்தேகமானதை மறுபடி பாரும்மா" என்றேன். "நான் சேர்த்ததை மட்டும் பார்க்கணுமா, விட்டதையும் பார்க்கணுமா?" என்று கேட்டாள். இந்தக் கேள்வி எனக்கு அன்று தோன்றவே இல்லை. ரெண்டையும் என்றேன்.

மறுநாள் சரியாக இரண்டைக் குறைத்துக்கொண்டு வந்தாள். சரி என்றேன்.