குடுவைச் செடிக்குத் தீனி வேண்டாம், தண்ணீரைக் கவனியுங்கள்

பூச்சியைப் பிடித்துச் சத்து எடுக்கும் குடுவைச் செடியை வாங்கியவர்கள் முதலில் கேட்பது "இதற்கு என்ன தீனி போடுவது?" என்பதைத்தான். தீனியே போடாவிட்டாலும் இந்தச் செடி வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். தவறான தண்ணீரை ஊற்றினால் சில மாதங்களில் போய்விடும்.

இங்கே பேசுவது நெபந்தஸ் வகையைப் பற்றி. இலை நுனியிலிருந்து ஒரு கொடி நீண்டு, அதன் முனையில் மூடியோடு குடுவை தொங்குமே, அதுதான். தென்கிழக்கு ஆசியா, இலங்கை, மடகாஸ்கர், மேகாலயா என்று பல இடங்களில் இயற்கையாக வளர்கிறது. பெரும்பாலும் சத்தில்லாத, உப்பில்லாத, மழை விடாமல் கழுவும் மண்ணில் வளரும் செடி. மண்ணில் கிடைக்காத தழைச்சத்தைத்தான் பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதன் வேருக்கு உப்பைத் தாங்கிப் பழக்கமே இல்லை.

ஆகவே பத்து செடி வாங்குவதற்கு முன் ஒரு டிடிஎஸ் மீட்டர் (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) வாங்குங்கள். ஊற்றும் தண்ணீர் 50 பிபிஎம்முக்குள் (பத்து லட்சம் பங்கு நீரில் 50 பங்கு உப்பு) இருந்தால் நல்லது. 100 வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் வேரைச் சுற்றி உப்பு சேர ஆரம்பிக்கும். மழைநீர்தான் முதல் தேர்வு, அடுத்து ஆர்ஓ நீர். ஆர்ஓ இயந்திரத்தில் சுவைக்காகத் தாது சேர்க்கும் பகுதி இருந்தால் அளந்து பார்க்காமல் நம்பாதீர்கள். பாட்டிலில் வரும் மினரல் வாட்டரும் அப்படித்தான். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றலாமா என்று கேட்பார்கள். கொதித்தால் ஆவியாவது தண்ணீர்தான். கடினத்தன்மை கொஞ்சம் படிந்து குறையலாம், மற்ற உப்பெல்லாம் அப்படியே தங்கி இன்னும் அடர்த்தியாகும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. ஆனால் ஏசியின் உட்பகுதியில் உள்ள தூசியும் பூஞ்சையும் அதில் கலந்து வரும் என்பதால், அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஊற்றும் முறை: மேல்பரப்பு ஈரம் குறையத் தொடங்கும்போது, தொட்டியின் அடியில் தாராளமாக ஒழுகும் வரை மேலிருந்து ஊற்றுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு வெளியேற வழியில்லை. மாதம் ஒரு முறை அடியில் ஒழுகும் நீரை அளந்து பாருங்கள். உள்ளே போன நீரைவிட 100 பிபிஎம்முக்கு மேல் கூடியிருந்தால், தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மூன்று மடங்கு நல்ல நீரை விட்டு அலசிவிடுங்கள். தட்டில் தேங்கிய நீரில் நெபந்தஸை உட்கார வைக்கக் கூடாது. காற்றில்லாமல் வேர் அழுகும்.

தட்டுத் தண்ணீரில் நிற்கும் செடி வேறு: வட அமெரிக்காவின் சரசீனியா. தரையிலிருந்து குழல் போல நிமிர்ந்து வளரும். அதற்கு நாள் முழுக்க நேரடி வெயில், இரண்டு மூன்று சென்டிமீட்டர் தேங்கிய நீர், பத்து டிகிரிக்கும் கீழே போகும் குளிர்காலத்தில் மூன்று நான்கு மாத உறக்கம் எல்லாம் வேண்டும். இரண்டுமே குடுவைச் செடிதான் என்று ஒரே பராமரிப்பைக் கொடுத்தால் ஒன்று நிச்சயம் சாகும்.

அடுத்து ஊடகம், அதாவது தொட்டியில் மண்ணுக்குப் பதிலாக நிரப்பும் கலவை. தோட்டமண், செம்மண், மண்புழு உரம், தொழுவுரம் எதுவும் கூடாது. நீளநார் ஸ்பாக்னம் பாசி (காயவைத்த சதுப்புநிலப் பாசி) இரண்டு பங்கு, பெர்லைட் (சூட்டில் பொரித்த வெண்ணிற எரிமலைக் கல் துகள்) ஒரு பங்கு, தேங்காய் மட்டைத் துண்டுகள் ஒரு பங்கு என்பது வெப்பமான இடங்களுக்கு நன்றாக ஒத்துவரும் கலவை. பெர்லைட்டை நனைத்த பிறகு கலக்குங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. மட்டைத் துண்டில் உப்பு நிறைய இருக்கும். ஆர்ஓ நீரில் ஒரு நாள் ஊறவைத்து வடிக்கவும். வடிந்த நீரின் டிடிஎஸ் புது நீருக்குக் கிட்டத்தட்ட வரும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யவும். ஒரே அலசலில் முடிந்துவிடாது. "கழுவியது" என்று பையில் அச்சிட்டிருந்தாலும் அளந்து பாருங்கள். பாசியைத் தொட்டியில் அமுக்கித் திணிக்காதீர்கள். பிளாஸ்டிக் தொட்டியே போதும். மண்தொட்டியின் சுவர் வழியாக நீர் ஆவியாகி, உப்பு சுவரிலேயே படிந்துவிடும்.

ஒன்றரை இரண்டு வருடத்தில் பாசி மட்கி இறுகிவிடும், அப்போது மாற்ற வேண்டும். அந்தச் சமயத்தில்தான் பலர் பயந்துபோகிறார்கள். நெபந்தஸின் வேர் கருகிய நூல் போல மெலிந்து கறுப்பாக இருக்கும். அதுதான் ஆரோக்கியமான வேர்! அழுகல் என்று நினைத்து வெட்டிவிட வேண்டாம். அழுகிய வேர் தொட்டால் நசுங்கும், நாற்றம் வரும். நல்ல வேர் எளிதில் முறியக்கூடியது. அதனால் பழைய பாசியை விரலால் பிய்க்காமல் தண்ணீரில் அலசி எடுங்கள். ஒட்டிக்கொண்டு வர மறுக்கும் பாசியை அப்படியே விட்டுவிடலாம்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை இலையே பதில் சொல்லும். கரும்பச்சையாக, நீளமாக, தளர்ந்து தொங்கும் இலை வந்து, குடுவை மட்டும் வரவில்லை என்றால் வெளிச்சம் போதவில்லை. லேசாகச் செம்மை ஏறிய, உறுதியான இலை என்றால் அந்த இடம் சரி. வெளிறிப்போய் நடுவில் காய்ந்த திட்டுகள் தெரிந்தால் வெயில் அதிகம். காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம், மதியம் ஐம்பது சதவீத நிழல்வலை என்று வைத்தால் பெரும்பாலான வகைகள் மகிழ்ச்சியாக இருக்கும். வீட்டுக்குள் வெள்ளை எல்இடி விளக்கில் 12 முதல் 14 மணி நேரம் கொடுக்கலாம்.

குடுவை வராததற்கு இன்னொரு பெரிய காரணம் காற்றின் ஈரப்பதம். கொடி நுனியில் பட்டாணி அளவு மொட்டு வந்து, அப்படியே பழுப்பாகிக் காய்ந்தால் பெரும்பாலும் இதுதான் கோளாறு. 60 முதல் 80 சதவீதம் இருந்தால் நல்லது. நாளுக்கு இரண்டு முறை தெளிப்பான் அடிப்பதால் பெரிய பயனில்லை, சில நிமிடங்களில் பழைய நிலைக்கே திரும்பிவிடும். செடிகளைக் கூட்டமாக வைப்பது, காற்று வேகமாக அடிக்காத மூலையில் தொங்கவிடுவது, ஈரத்தரைக்கு அருகில் வைப்பது எல்லாம் அதைவிட உதவும். அதற்காக மூடிய கண்ணாடிப் பெட்டியில் வைத்து வெயிலில் காட்டிவிடாதீர்கள், ஒரு மதியத்திலேயே வெந்துவிடும்.

புதிதாக வந்த செடியில் குடுவைகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் காய்வது இயல்பு. ஈரமான நாற்றங்காலிலிருந்து வறண்ட இடத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். துளையிட்ட பிளாஸ்டிக் பையைப் போர்த்தி, இரண்டு மூன்று வாரங்களில் துளைகளைப் பெரிதாக்கி எடுத்துவிடுங்கள். பழைய இலைகள் திரும்பக் குடுவை விடாது. இங்கே வந்த பிறகு விரியும் புது இலைகளில்தான் குடுவையை எதிர்பார்க்க வேண்டும். மூடி காய்ந்து அடிப்பாகம் பச்சையாக இருக்கும் குடுவையை வெட்ட வேண்டாம், உள்ளே செரிமானம் நடந்துகொண்டிருக்கும். முழுதும் பழுப்பான பிறகு நீக்கலாம். வெளியில் வைத்திருந்தால் அதில் மழைநீர் தேங்கிக் கொசு முட்டையிடும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

எந்த வகையை வாங்குவது? இதில் நான் கொஞ்சம் கறாரானவன். முதல் செடி வென்ட்ராட்டா கலப்பினமாகவே இருக்கட்டும். சூடு, குளிர், வறட்சி எல்லாவற்றிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். கடல்மட்டத்தை ஒட்டிய வெப்பக் காடுகளில் வளரும் ஆம்புல்லேரியா, ராஃப்லீசியானா, மிராபிலிஸ் ஆகியவை சூடான இடத்தாருக்கு ஏற்றவை. இவற்றுக்கு இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது. ராஜா, வில்லோசா, ஹமாட்டா போன்ற உயர்மலை வகைகளுக்கு இரவு 10 முதல் 15 டிகிரி வேண்டும். சூட்டில் இவை உடனே சாகாது. ஒவ்வொரு புது இலையும் முந்தையதைவிடச் சிறிதாக வரும், அப்படியே சுருங்கிச் சுருங்கி முடிந்துவிடும். படத்தைப் பார்த்து மயங்கி வாங்காதீர்கள். நெபந்தஸ் முழுவதும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) கீழ் வருகிறது. ராஜாவும் மேகாலயாவின் காசியானாவும் மிகக் கடுமையான முதல் பட்டியலில் உள்ளன. காட்டிலிருந்து பிடுங்கியது அல்ல, திசு வளர்ப்பிலோ விதையிலோ வந்தது என்று உறுதிசெய்துகொண்டே வாங்குங்கள்.

இனி தீனி. வெளியில் இருக்கும் செடி எறும்பைத் தானே பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குள் இருந்தால், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, புதிதாகத் திறந்த ஒரு குடுவையில் மட்டும், மீனுக்குப் போடும் உலர்ந்த ரத்தப்புழுவை ஒரு சிட்டிகை நனைத்துப் போடலாம். அல்லது மெதுவாகக் கரையும் உரமணி ஒன்றிரண்டு. இறைச்சித் துண்டு, பால், முட்டை எதுவும் வேண்டாம். செரிப்பதற்குள் அழுகி, குடுவையும் சேர்ந்து போய்விடும். தழைச்சத்து மிகுந்தால் செடிக்குக் குடுவை விடும் தேவையே குறைகிறது: இலை செழிக்கும், குடுவை நின்றுவிடும். வேரில் உரம் கொடுத்து வளர்ப்பவர்களும் உண்டு. அளவு தவறினால் அதைத் திருத்த முடியாது என்பதால் புதியவர்களுக்கு நான் சொல்வதில்லை. (ஆம்புல்லேரியாவுக்குப் பூச்சிகூடப் பெரிதாக வேண்டாம். மூடி பின்பக்கம் மடங்கி வாய் திறந்தே இருக்கும், மேலிருந்து விழும் சருகிலிருந்தும் சத்து எடுக்கும்.)

திறந்த குடுவை கவிழ்ந்து நீர் கொட்டிவிட்டால், மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஆர்ஓ நீர் ஊற்றினால் போதும். இன்னும் திறக்காத குடுவையை மட்டும் ஆவலில் பிரித்துப் பார்க்காதீர்கள்.

மாவுப்பூச்சி இலையிடுக்கிலும் குருத்திலும் ஒளியும். 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடைத்து, வாரம் ஒரு முறை என மூன்று நான்கு வாரம் தொடருங்கள். குருத்து கோணலாகி வந்தால் இலைப்பேனைச் சந்தேகியுங்கள். எந்த மருந்தையும் முதலில் ஒரே இலையில் அடித்துச் சில நாள் பாருங்கள், குடுவைக்குள் விழாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செடியின் தண்டு கொடியாக நீண்டு, கீழே பருத்த குடுவைகள் நின்று, மேலே புனல் போன்ற மெல்லிய குடுவைகள் வர ஆரம்பித்தால் வெட்டலாம். அடியில் மூன்று நான்கு இலை விட்டு, ஆல்கஹாலில் துடைத்த பிளேடால் வெட்டுங்கள். அடியிலிருந்து புதுக் கிளை வரும். வெட்டிய தண்டை இரண்டு மூன்று கணுக்களாக நறுக்கி, இலைகளைப் பாதியாகக் கத்தரித்து, ஈரப் பாசியில் நட்டுப் பையால் மூடி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். வேர்விட ஆறு முதல் பத்து வாரம் ஆகலாம். துளிர் வந்தவுடனே வேர் வந்துவிட்டதாக அர்த்தமில்லை, தண்டில் இருக்கும் சத்திலேயே துளிர்க்கும். இழுத்துப் பார்க்க வேண்டாம். இரண்டாவது இலை முதலாவதைவிடப் பெரிதாக விரிந்த பிறகு பையை மெல்லத் திறக்கத் தொடங்குங்கள்.