‘பேட் நல்லா இருக்கு சார்’ என்றார்கள்

காரில் பிரேக்கை மிதித்தாலே முன்பக்கம் இடதுபுறம் கீச்சென்று சத்தம். ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தைக் கழற்றக்கூட இல்லை. ரிம் இடுக்கு வழியாக செல்போன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “பேட் நல்லா இருக்கு சார், தூசிதான்” என்றார்கள். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டை இரு பக்கமும் அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்துவதுதான் இந்த பிரேக் பேட். பிரேக் ஆயில் குறைந்திருக்கிறதென்று ஊற்றி, அதற்கும் பில். பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்கும். லீக் இருந்தாலும் இறங்கும். எது என்று பார்க்காமல் ஊற்றினால் என்ன அர்த்தம்? ஊட்டிப் பயணம் வேறு இருந்தது. மேட்டுப்பாளையம் இறக்கத்தை நினைத்ததும் நானே பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

வீல் நட்டுகளை ஏர் கன்னில் முறுக்கியிருந்தார்கள் போல. ஸ்பேனர் அசையவே இல்லை. இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கிய பிறகுதான் இளகின. சக்கரம் தரையில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். தூக்கிய வண்டியில் இப்படித் தம் கட்டினால் ஜாக்கி சரிந்துவிடும். சமதளம், ஹேண்ட் பிரேக், முதல் கியர், பின் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் வைத்தேன். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கடியில் தள்ளிவிட்டேன்.

தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

வெளிப் பேடில் 6 மி.மீ. இருந்தது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி உள் பேடைப் பார்த்தால் பகீரென்றது. அளவு பார்க்க, 3 மி.மீ. தடிமனுள்ள ஆலன் கீயை (அறுகோணச் சாவி) பக்கத்தில் வைத்தேன். தேயும் பொருள் அதைவிட மெலிசு. பின்னாலிருக்கும் இரும்புத் தகட்டைச் சேர்த்து அளக்கக் கூடாது. பேட் தேய்ந்ததும் சத்தம் போடவென்றே வைத்திருக்கும் எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கில் உரசித்தான் அந்தச் சத்தம்.

வண்டியை எடுக்காமல் தெருமுனை மெக்கானிக் அண்ணனை வீட்டுக்கே அழைத்தேன். “கேலிப்பர் பின்னு ஜாம் ஆயிருக்கு தம்பி, அதான் உள்பக்கம் மட்டும் தேயுது” என்றார். பேடுகளைப் பிடித்து டிஸ்க்கில் அழுத்தும் பாகம்தான் கேலிப்பர்; அது பின்னில் வழுக்கி நகர வேண்டும். பின்னைச் சுத்தம் செய்து கிரீஸ் தடவி, இரண்டு முன் சக்கரங்களுக்கும் புதுப் பேட் போட்டார். பின் சக்கர டிரம் பிரேக்குகளில் பிரச்சினை இல்லை. தடிமனான புதுப் பேடுக்கு இடம் கிடைக்க, கேலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஒர்க்‌ஷாப்பில் ஊற்றிய ஆயில் பொங்கி வழிந்தது. பெயின்ட்டை அரித்துவிடும் என்று உடனே தண்ணீர் ஊற்றினோம். புதுப் பேட் போட்டதும், வண்டி நகரும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் மிதியில் பிரேக்கே பிடிக்காது.

தேய்ந்த பேடைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அந்த ஒர்க்‌ஷாப் மேஜையில் வைத்தேன். ஆயிலுக்கு வாங்கிய பணம் மட்டும் திரும்பி வந்தது.