மெருகேற்றிய பவுனுக்கு எண் கிடையாது

மும்பை ஜவேரி பஜாரில் தங்கத்தைப் பார்க்கும் கண்களுக்குக் குறைவில்லை. மாற்று என்ன, எடை என்ன என்று தெரிந்ததும் அந்தக் கண்களுக்கு வேலை முடிந்துவிடும். நான் வேலை பார்ப்பது அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், கோட்டைப் பகுதியில், பழைய நாணயங்களை ஏலத்துக்குத் தயார் செய்யும் ஓர் அலுவலகத்தில். எங்களிடம் அதிகம் வருவது சவரன் என்ற பழைய பிரிட்டிஷ் தங்க நாணயம்: 7.988 கிராம், 22 காரட். அதில் பேச அதிகம் இல்லை. அச்சிலிருந்து விழுந்த நாளில் அதற்கு இருந்த மேற்பரப்பில் இன்று எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

அதைச் சொல்ல 1 முதல் 70 வரை எண் இருக்கிறது. வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949இல் தம் நாட்டுப் பழைய செப்புச் சென்ட்டுகளுக்காக வகுத்த அளவுகோல் அது. 1 என்ற தரத்தில் உள்ள காசைப் போல 70 மடங்கு விலை 70க்குக் கிடைக்கும் என்பது அவர் போட்ட கணக்கு. விலைக் கணக்கு பொய்த்துப்போய், எண் மட்டும் நிலைத்துவிட்டது. இன்று தங்கம், வெள்ளி எல்லாவற்றுக்கும் அதுதான். 60 முதல் 70 வரை புழக்கத்துக்கே போகாதவை. 50 முதல் 58 வரை லேசாகப் புழங்கியவை.

இந்த இடத்தில்தான் எனக்கு அளவுகோலோடு ஒரு பிணக்கு. 60, 61 என்று எண் வாங்கும் சவரன் யார் சட்டைப்பையிலும் இருந்ததில்லை. ஆனால் வங்கி மூட்டைகளில் மற்ற சவரன்களோடு மோதி மோதி, அரசர் கன்னத்தில் வெட்டும் குத்துமாக வந்து நிற்கும். 58 வாங்கியதோ, சில கைகள் மாறியிருக்கும்; பின்பக்கத்தில் குதிரைமேல் இருக்கும் புனித ஜார்ஜின் தலைக்கவசத்திலும் குதிரையின் தோளிலும் மட்டும் லேசான தேய்வு, மற்ற இடமெல்லாம் சுத்தம். எது வேண்டும் என்று கேட்டால் யோசிக்காமல் 58ஐ எடுப்பேன். பட்டியலில் மட்டும் அதைக் கீழே போட வேண்டும்.

தேய்வா, அச்சு சரியாகப் பதியாததா என்று பிரித்தறிவது புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பிடிபடச் சில மாதங்களாகும். இரண்டிலும் அரசரின் தலைமயிர்க் கோடுகள் மங்கலாகத்தான் தெரியும். பதியாத இடத்தில் ஒளி உயிரோடு இருக்கும். தேய்ந்த இடத்தில் செத்திருக்கும். இதை ட்யூப் லைட்டில் பார்க்க முடியாது. அந்த வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவிக் குற்றங்களை மறைத்துவிடும். அதனால் மேசையில் பழைய காலத்துக் குண்டு பல்பு ஒன்றை வைத்திருக்கிறேன். விளிம்பை மட்டும் பிடித்து, பல்பின் கீழ் நாணயத்தைச் சாய்த்து மெல்லத் திருப்பினால், இரண்டு ஒளிக்கற்றைகள் நடுவிலிருந்து கிளம்பி நாணயத்தைச் சுற்றி ஓடும். இரட்டைச் சாயப் பட்டுப்புடவையை மடியில் போட்டுத் திருப்பும்போது நிறம் ஓடுமே, அப்படி. அச்சின் அழுத்தத்தில் உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிந்தபோது உண்டான நுண்ணிய வரிகள்தான் அந்த ஓட்டத்துக்குக் காரணம். அந்த வரிகள் ஒருமுறை அழிந்தால் அழிந்ததுதான், எந்தப் பத்தராலும் திரும்பக் கொடுக்க முடியாது. மெருகேற்றிய நாணயமும் மின்னும். ஆனால் எப்படிச் சாய்த்தாலும் ஒளி ஒரேயிடத்தில் நிற்கும், நகராது.

நம் வீடுகளில் பவுனைக் கழுவாமல் வைத்திருப்பவர்கள் யார்? பூந்திக்கொட்டை நுரையில் ஊறப்போட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளைத் துணியில் துடைத்து, தீபாவளிக்கு முன் ஒருமுறை, கல்யாணத்துக்கு முன் ஒருமுறை. நகைக்கு அது சரி. நாணயத்தின் மேல் ஒரே திசையில் மயிரிழைக் கோடுகளாக அது விழுந்துகிடக்கும். அப்படிப்பட்ட நாணயத்துக்குத் தர எண் போடும் பெரிய அமெரிக்க நிறுவனங்கள் எண்ணே கொடுப்பதில்லை. ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதி அனுப்பிவிடும்.

தாராவியிலிருந்து ஓர் அண்ணாச்சி வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். பிறந்தது முதல் மும்பைதான். அவருடைய அம்மாவின் காசு மாலையிலிருந்து எடுத்த ஒரு சவரன், ஐந்தாம் ஜார்ஜ், 1918. குதிரையின் காலடியில், ஆண்டுக்குச் சற்று மேலே, ‘ஐ’ என்ற சின்ன ஆங்கில எழுத்து. பம்பாய்க் காசு. முதல் உலகப் போரில் தங்கத்தைக் கப்பலேற்றுவது ஆபத்தாகிவிட, லண்டன் ராயல் மின்ட்டின் கிளை ஒன்றை பம்பாய் நாணயச்சாலையில் திறந்தார்கள். அந்தக் கிளையின் பெயரில் வந்த சவரன் 1918 என்ற ஒரே ஆண்டோடு சரி. சுமார் 13 லட்சம் அடித்திருக்கிறார்கள். அபூர்வம் என்று சொல்ல முடியாது. ஆனால் புழங்காத நிலையில் கிடைத்தால் தங்க விலைக்கு மேல் கொடுக்க ஆள் உண்டு.

அண்ணாச்சி முந்தின நாள்தான் கடையில் கொடுத்து மெருகு போட்டு வாங்கியிருந்தார். பெரிய இடத்துக்குக் கொண்டுபோகிறோம், மரியாதையாக இருக்கட்டும் என்று. உச்சியில், மாலையில் கோர்ப்பதற்கான வளையமாகக் காது வைத்திருந்த தடமும் இருந்தது. காதைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதிய இடத்தைச் சுற்றி நிறம் மாறியிருந்தது; காதை எடுத்தபோது அரம் போட்டதில் விளிம்பின் வரிகள் அங்கே மட்டும் மழுங்கியிருந்தன.

“அழுக்கோடு கொண்டுவந்திருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்குமா தம்பி?” என்றார்.

“காது வைத்த அன்றைக்கே எண் போய்விட்டது அண்ணாச்சி” என்றேன்.

“காது இல்லாமல் மாலையில் எப்படிக் கோர்ப்பது?”

நியாயமான கேள்வி. தங்க விலைக்கு விற்க அவருக்கு மனமில்லை, எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்படிப்பட்ட காசுகளைப் பட்டியலில் ‘சேதமடைந்தது’ என்று எழுதுவது வழக்கம். நான் ‘முன்பு அணியாகக் கோர்க்கப்பட்டது’ என்று எழுதுகிறேன். விலை மாறப்போவதில்லை, விவரமாவது சரியாக இருக்கட்டும்.

நிறம் பற்றிக் கேட்பவர்கள்தான் இப்போது அதிகம். வெள்ளி நாணயத்தில் வானவில்லாகப் படியும் நிறத்துக்குப் பெரும் விலை கிடைப்பதைப் பார்த்துவிட்டுத் தங்கத்திலும் அதைத் தேடுகிறார்கள். தங்கம் தானாகக் கறுக்காது. சவரனில் பன்னிரண்டில் ஒரு பங்கு வேறு உலோகம், பெரும்பாலும் செம்பு. நிறம் மாறுவது அதனால்தான். ஆஸ்திரேலியாவின் சிட்னி நாணயச்சாலை ஆரம்ப காலத்தில் செம்புக்குப் பதில் வெள்ளி கலந்தது. அந்தச் சவரன்களின் வெளிர் மஞ்சளைப் பார்த்து மாற்றுக் குறைவு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. கலவை சரியாகக் கலக்காத இடத்தில் செம்பு துருத்திச் சிவப்புப் புள்ளியாக நிற்பதும் உண்டு. அதை நான் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. அமிலம் வைத்து எடுக்க முயல்வதுதான் குற்றம்.

இயல்பாக வந்த நிறம் மெல்லியது. எழுத்துகளின் ஓரத்திலும் பள்ளங்களிலும் தேன் நிறத்திலோ இளஞ்சிவப்பிலோ தொடங்கும். அதன் அடியில் ஒளி தடையின்றி ஓடும். சூடு காட்டி வரவழைத்த நிறம் ஊதாவும் நீலமுமாக மேட்டையும் பள்ளத்தையும் பார்க்காமல் படர்ந்திருக்கும். சந்தேகம் என்றால் ஒரு கீறலைத் தேடிப் பிடித்து உருப்பெருக்கியில் பார்ப்பேன். கீறலின் அடிவரை அதே நிறம் இருந்தால் நிறம் பின்னால் வந்தது. கீறல் புதிது, நிறம் நூறாண்டுப் பழையது என்று விற்கிறவர் சொன்னால் காபி வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவிடலாம். கடற்காற்றில் பழுத்த நிறம் என்று கதை சொல்பவர்களும் வருகிறார்கள். மும்பைக் காற்று பாவம், எதற்கெல்லாம் பொறுப்பேற்கும்! தங்கத்தின் நிறத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. தேய்த்த கோடுகளை மறைக்கத்தான் பல நேரம் அது பூசப்படுகிறது.

மலிவான பிளாஸ்டிக் உறையில் வைத்துப் பச்சையாகப் படிந்தது மட்டும் வேறு. சுத்தமான அசிட்டோனில் முக்கி எடுத்தால் போய்விடும். துடைக்கக் கூடாது, தானாக உலர வேண்டும்.

போலிகளைப் பற்றி உரைகல் எதுவும் சொல்லாது. பெய்ரூத்தில் அடித்த போலிச் சவரன்களில் தங்கம் சரியாகவே இருந்தது. எழுத்துகளின் கூர்மையும் விளிம்பும்தான் காட்டிக்கொடுக்கும்.

சந்தேகம் என்றால் அமெரிக்காவுக்கு அனுப்பி எண் வாங்கி வரலாமே என்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு ஆன நாணயம் தொல்பொருள்; தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. பம்பாய்ச் சவரன் 2018இலேயே அந்த வயதைத் தாண்டிவிட்டது. ஆகவே அடித்த ஊரிலேயே அதற்கு எண் சொல்ல வேண்டியிருக்கிறது, அதுவும் கண்ணை நம்பி. எனக்கு 61 ஆகத் தெரிவது பக்கத்து மேசைக்காரருக்கு 62. காலையில் நான் போட்ட எண்ணை மாலையில் மறைத்து வைத்துவிட்டு மறுபடி பார்க்கிறேன். பெரும்பாலும் ஒத்துப்போகிறது, எப்போதும் அல்ல. அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் பார்த்ததை எழுதிவிடுகிறேன்: கன்னத்தில் ஒரு வெட்டு, இடப்புறம் மயிரிழைக் கோடுகள், ஒளி முழுமையாக ஓடுகிறது. வாங்குகிறவர் தொலைபேசியில் கூப்பிடும்போது முதலில் அந்த வரியைத்தான் படித்துக் காட்டுகிறேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதெல்லாம் இருக்கட்டும் சார், எண் என்ன?” என்கிறார்கள்.