வெலிக்கடைச் சுவரும் ஒரு விகாரையும்

வெலிக்கடைச் சிறை என்றால், தமிழ்க் கைதிகள் உள்ளேயே கொல்லப்பட்ட 1983 ஜூலைதான் எனக்கு நினைவுக்கு வரும். கொழும்பு பேஸ்லைன் வீதியில், அந்த நெடுஞ்சுவரை ஒட்டி ஆட்டோ ஊர்ந்தபோதும் அந்த நினைப்புதான். "பேதிரிஸ் மாத்தயாவைச் சுட்டது இதற்குள்தான்" என்றார் ஓட்டுநர். ஹென்றி பேதிரிஸ் என்ற சிங்கள இளைஞரைச் சொன்னார்; மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. அதுவும் ஒரு ஜூலை. 1915, ஜூலை 7.

அவ்வாண்டு மே இறுதியில், புத்தர் பிறந்த நாளான வெசாக் சமயம், கண்டியில் பள்ளிவாசல் வழியே போன பௌத்த ஊர்வலத்தில் மூண்ட சண்டை கொழும்பு வரை பரவியது. முஸ்லிம்களின் கடைகள் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் எரிந்தன. அடிபட்டவர்களில் தமிழகக் கரையிலிருந்து வணிகம் செய்யப் போன தமிழ் முஸ்லிம்களும் உண்டு. பிரிட்டிஷ் ஆளுநர் சால்மர்ஸ் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். இத்தனைக்கும் மனிதர் பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அறிஞர்!

ஹென்றி பேதிரிஸுக்கு அப்போது 26 வயது. பெரும் வணிகரின் மகன், கொழும்பு நகரக் காவற்படையில் கேப்டன். தேசத்துரோகக் குற்றம் சாட்டி, இராணுவ நீதிமன்றத்தில் விசாரித்துச் சுட்டுவிட்டார்கள். அவரை இருத்திச் சுட்ட, இரத்தம் தோய்ந்த நாற்காலியை, உள்ளே அடைபட்டிருந்த சிங்களத் தலைவர்களிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள் என்பார்கள். அப்படி அடைபட்டிருந்தவர்களில் ஒருவர் டி. எஸ். சேனநாயக்க, பின்னாளில் நாட்டின் முதல் பிரதமர்.

சிங்களவர்களுக்காக லண்டன் வரை போய் வாதாடியவர் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன். திரும்பியபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டு, சிங்களத் தலைவர்களே அவருடைய வண்டியை இழுத்தார்கள். தமிழ் மேடைகளில் இதைப் பெருமையோடு கேட்டிருக்கிறேன். கடையைப் பறிகொடுத்து நின்றவன் அந்த ஊர்வலத்தை எப்படிப் பார்த்திருப்பான் என்று எந்த மேடையிலும் கேட்டதில்லை. 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் பிறந்தபோது முதல் தலைவர் இராமநாதனின் தம்பி அருணாசலம்.

சிறைக்குள் போக வழியில்லை. ஹேவ்லொக் டவுனில் உள்ள இசிபதனாராமய விகாரைக்குப் போனோம். மகன் நினைவாகத் தகப்பனார் கட்டியது. காலணியைக் கழற்றிவிட்டு நடந்தேன், தரை சுட்டது. இளந்தாய் ஒருத்தி கைக்குழந்தையின் விரல்களில் ஈழத்தலரிப் பூவைச் செருகி, மேடையில் வைக்கப் பழக்கிக்கொண்டிருந்தாள். குழந்தையோ பூவை வாய்க்குக் கொண்டுபோனது. அவள் அதைப் பிடுங்கிவிட்டு இன்னொரு பூவைக் கொடுத்தாள்.

வெளியே வந்தபோது ஓட்டுநர் மீட்டரை நிறுத்தாமல் காத்திருந்தார்.