கார்பன் வளையம் போயிற்று: .22 ரைஃபிளுக்கு எந்தத் திரவம், எந்த இடத்தில்

தோட்டா உட்காரும் அறையான சேம்பர் முடிந்து, குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள் தொடங்கும் சரிவில் பல மாதமாகப் பிடிவாதமாக உட்கார்ந்திருந்த கார்பன் வளையம் ஒருவழியாகப் போய்விட்டது. குழலுக்குள் பார்க்கும் சிறு கேமராவான போர்ஸ்கோப்பை விட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் கடைசல் கோடுகளோடு சுத்தமான எஃகு தெரிகிறது. 50 மீட்டர் புரோன் (படுத்தபடி சுடும் போட்டி) சுடுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். எந்தத் திரவம் வேலை செய்தது, எது பணத்தை மட்டும் தின்றது என்பதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

அறிகுறி முதலில், தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்பக்கத்தை மூடும் போல்ட்டில்தான் தெரிந்தது. மேட்ச் சேம்பரில் தோட்டாவின் ஈயம் வரிப்பள்ளத்தில் லேசாகப் பதிவது வழக்கம், அந்த இறுக்கம் கைக்குப் பழகியது. அதற்கு மேலாக ஒரு கரகரப்பு வந்தது. சுடாத தோட்டாவை வெளியே எடுத்துப் பார்த்தால் ஈயத்தின் தோளைச் சுற்றி மெழுகு வழித்து எடுக்கப்பட்டிருந்தது. அதே தொகுதித் தோட்டா, அதே பிடி, ஆனால் இலக்கு அட்டையில் காரணமே இல்லாமல் ஒன்றிரண்டு குண்டுகள் பத்தை விட்டு ஒன்பதுக்கு ஓடின. மெழுகு இல்லாத தோட்டா குழலுக்குள் போனால் அப்படித்தான் நடக்கும்.

.22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் வந்த வடிவமைப்பு. ஈயமும் பித்தளைக் கேஸும் வெளியே ஒரே விட்டம், மெழுகு வெளிப்புறத்தில்தான் பூசப்பட்டிருக்கும். கேஸின் நீளம் 15.6 மில்லிமீட்டர். அது முடிகிற இடத்தைத் தாண்டிச் சற்றுத் தள்ளித்தான், ஒவ்வொரு வெடிக்கும் சூடான வாயு மோதுகிற இடத்தில், வளையம் கட்டுகிறது. வெந்த வெடிமருந்து, கருகிய மெழுகு, ஈயம் எல்லாம் அதில் உண்டு. இவற்றோடு கண்ணாடியும் சேர்கிறது. .22 போல விளிம்பில் அடித்து வெடிக்கவைக்கும் ரிம்ஃபயர் தோட்டாவின் பிரைமர் (பற்றவைக்கும்) கலவையில் உராய்வுக்காகக் கண்ணாடித் தூள் சேர்ப்பது வழக்கம். கண்ணாடியும் கரியும் சேர்ந்து சுட்டு இறுகிய இந்தப் பொருளை எண்ணெயில் நனைத்துத் துணியால் துடைத்தால் அது அசையாது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்குப் பாட்டில்களைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தது. அழுக்கு எதனால் ஆனது என்று தெரியாமல் கிளீனர் வாங்குவதில் அர்த்தமே இல்லை.

கிளப்பில் மூத்தவர் ஒருவர் எப்போதும் சொல்வார்: "தம்பி, பாயிண்ட் டூ டூ குழலைச் சும்மா விடு. தேய்ச்சுக் கெட்ட குழல்தான் அதிகம், சுட்டுக் கெட்டது இல்லை." அவர் சொல்வதில் பெரும்பகுதி சரி. குழல் முழுக்க ஒரு மெழுகுப் படலம் சீராகப் படிந்திருக்கும்போதுதான் .22 நன்றாகச் சுடுகிறது. அதைச் சுத்தமாக எடுத்துவிட்டால் மறுபடி படியும் வரை குழு (அட்டையில் குண்டுத் துளைகளின் கூட்டம்) அலையும். ஆனால் சேம்பரின் கதை வேறு. குழலை விடலாம், சேம்பரை விடக்கூடாது. "அண்ணே, நான் குழலைத் தொடலை, சேம்பரை மட்டும்தான்" என்று சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டேன்.

சரி, திரவங்களுக்கு வருகிறேன்.

ஹாப்பீஸ் நம்பர் 9 பழைய நண்பன். 1903-இலிருந்து விற்கிறார்கள். வாழைப்பழ வாசனை கலந்த அந்த நெடி யாருக்கும் மறக்காது. குழலில் படிந்த புதிய மருந்துக் கரியைத் தளர்த்த இது போதும். சுட்ட அன்றே ஒரு ஈரப் பேட்ச் (துடைக்கும் துணித்துண்டு), சற்றுப் பொறுத்து ஒரு உலர் பேட்ச், அவ்வளவுதான். ஆனால் பழைய வளையத்தை இது தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அமோனியா கலந்த செம்புக் கரைப்பான்களை .22-க்கு வாங்காதீர்கள். அவை செம்பு உறை போட்ட குண்டு சுடும் பெரிய ரைஃபிள்களுக்கு உரியவை. மேட்ச் தோட்டாவில் இருப்பது வெறும் ஈயம், அமோனியா ஈயத்தைக் கரைக்காது. "பேட்ச் நீலமாக வருது, அழுக்கு கரையுது" என்று மகிழ்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நீலம் பெரும்பாலும் அவர்களுடைய வெண்கலப் பிரஷ்ஷும், பேட்ச்சை மாட்டும் பித்தளை ஜாக்கும் கரைந்து வருவது. பணமும் போய், பிரஷ்ஷும் போகிறது.

டபிள்யூ.டி. 40 பற்றிச் சண்டை போட்டு எனக்கு அலுத்துவிட்டது. 1953-இல் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி உருவாக்கியது, நீரை விரட்டுவதற்காக. பெயரில் உள்ள WD (Water Displacement) அதைத்தான் சொல்கிறது. மழையில் நனைந்த ரைஃபிள் மேல் அடித்துத் துடைக்க அருமையான பொருள். உயவு எண்ணெயாக நினைத்து ட்ரிக்கருக்குள் அடிப்பதுதான் கொடுமை. லேசான பகுதி ஆவியாகிப் போக, மிச்சம் தூசியைப் பிடித்துப் பிசுக்காகிறது. இரண்டு ரைஃபிள்களின் ட்ரிக்கரை இந்தப் பிசுக்கிலிருந்து மீட்டுக் கொடுத்திருக்கிறேன், இரண்டும் வேறு வேறு ஆட்களுடையவை.

தேங்காய் எண்ணெய் பற்றியும் கேட்கிறார்கள். வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும், ஊட்டிப் பக்கம் ஒரு போட்டிக்குக் கொண்டுபோனால் போல்ட் நகராது. பொதுவாகவே சமையல் எண்ணெய்கள் காற்றுப் பட்டு நாளாவட்டத்தில் கெட்டிப்படும். தையல் மெஷின் எண்ணெய் எவ்வளவோ மேல். சுத்தமான மெல்லிய தாது எண்ணெய், பிசுக்கு ஏறாது. ஆனால் வெகு சீக்கிரம் வழிந்து போய்விடும், துருவுக்கு எதிரான காவல் குறைவு.

இப்போது நான் தேய்ந்துபோகும் அளவுக்குச் சிந்தித்த அந்த ஒரு வேலை.

கார்பனுக்கென்றே விற்கும் கரைப்பானில் ஃபெல்ட் துண்டை நன்றாக நனைத்து, சேம்பருக்குள் சரியாக வளையம் இருக்கும் ஆழத்தில் நிறுத்தி, ஊறவிட வேண்டும். இங்கே ஆழம்தான் எல்லாமே. சுத்தம் செய்யும் ராடில், ஃபெல்ட்டின் முன் முனையிலிருந்து 15.6 மில்லிமீட்டரை அளந்து மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டேன். டேப்பின் விளிம்பு சேம்பர் வாயைத் தொடும்போது ஃபெல்ட்டின் முன் முனை கேஸ் வாய் இருக்கும் இடத்தில் இருக்கும். இன்னும் இரண்டு மில்லிமீட்டர் தள்ளினால் வளையத்தின் மேல். ரைஃபிளை வாய்முனை கீழே சாயும்படி வைத்தால்தான் கரைப்பான் ட்ரிக்கருக்கோ ஸ்டாக்கில் (கட்டையில்) ரைஃபிள் பதியும் படுக்கைக்கோ வழியாது. ஸ்டாக் வார்னிஷை ஒரு சொட்டுக் கரைப்பான் வெள்ளையாக்கிவிடும். ராடை நேராக வழிநடத்தும் போர் கைடு போட்டே வேலை செய்யுங்கள்.

ஊறிய பிறகும் வளையம் கரையவில்லை, மென்மையானது மட்டும்தான். கரைப்பானை மட்டும் மாற்றி மாற்றி வாங்கும் எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம் இது. கண்ணாடியைக் கரைக்கும் திரவம் எஃகையும் விட்டுவைக்காது. சுண்ணாம்புக் கறை எடுக்கும் அமிலத் திரவங்களை இதற்குப் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். நான் என் குழல் பக்கம் அதை வரவிட மாட்டேன். ஊறிய வளையத்தைக் கையால்தான் பெயர்க்க வேண்டும். குழல் அளவைவிடச் சற்றுப் பருத்த வெண்கலப் பிரஷ்ஷைச் சிறிய கைப்பிடியில் மாட்டி, சேம்பருக்குள் மட்டும் விட்டு, கடிகாரச் சுற்றில் மெதுவாகத் திருக வேண்டும். முன்னும் பின்னும் இழுக்கவே கூடாது. பிரஷ் வரிப்பள்ளத்துக்குள் போய்விட்டால் திரும்ப எடுப்பது கஷ்டம். எஃகுப் பிரஷ் பக்கம் கையே போகக்கூடாது.

பாதி வளையம் இப்படிப் போயிற்று. மீதியை, மெல்லத் தேய்த்தெடுக்கும் ஜேபி பேஸ்ட் எடுத்தது. ஃபெல்ட் துண்டில் கடுகளவு தடவி, அதே டேப் அளவில், சுற்று மட்டும். சில சுற்று, துடை, போர்ஸ்கோப். மறுபடி சில சுற்று, துடை, போர்ஸ்கோப். பொறுமை இல்லாதவர்கள் இந்தக் கட்டத்துக்கு வரவே வேண்டாம், பேஸ்ட்டால் சரிவின் விளிம்பு மழுங்கினால் அதைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. டெஸ்லாங் போர்ஸ்கோப் இந்த வேலைக்குக் கண் மாதிரி. ஆனால் எல்லாவற்றையும் அது பயங்கரமாகக் காட்டும், நல்ல குழல் கூடக் கரடுமுரடான மலைப்பாதை போலத் தெரியும். முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள், தனியாக ஒரு படத்தைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள்.

பேஸ்ட் துளிகூட மிஞ்சக்கூடாது. ஹாப்பீஸில் நனைத்த பேட்ச்கள், கறுப்பு நின்று வெள்ளையாக வரும் வரை. இந்தப் பேட்ச்களில் ஈயம் இருக்கிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் நைட்ரைல் கையுறை போட்டுச் செய்யுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும், முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டுக் கை கழுவுங்கள். பேட்ச்களைக் கட்டித் தனியாக அப்புறப்படுத்துகிறேன், வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டு.

காவல் எண்ணெய்க்கு நான் பாலிஸ்டாலில் நின்றுவிட்டேன். 1904-இல் ஜெர்மனியில் தொடங்கியது. தண்ணீரோடு கலந்தால் பால் போல வெளுக்கும், லேசான காரத்தன்மை உண்டு. வெளிப்புறத்திலும் குழலுக்குள்ளும் ஒரு மெல்லிய படலம். மர ஸ்டாக்கிலும் சற்றுப் பட்டால் பயப்பட வேண்டியதில்லை. சென்னைக் கடற்காற்றில் நீலம் பூசிய எஃகு மேல் விரல் ரேகை ஒன்று இருந்தாலே மறுநாள் பழுப்புப் புள்ளி வரும். எண்ணெயைவிட முக்கியம், நுரைமெத்தை வைத்த பெட்டியில் பூட்டி வைக்காமல் இருப்பது. நுரை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் பையோடு அலமாரியில்தான் என் ரைஃபிள் இருக்கிறது. சுடப் போவதற்கு முன் உலர் பேட்ச் ஒன்று விட்டு எண்ணெயை எடுக்காவிட்டால் முதல் தோட்டா எங்கோ போகும்.

எல்லாம் ஒரே பாட்டிலில் என்று விற்கும் சிஎல்பி பற்றி என் கருத்து: அது படைவீரனுக்கான பொருள். கழுவுதல், உயவு, காவல் மூன்றையும் களத்தில் ஒரே பாட்டிலால் செய்ய வேண்டிய கட்டாயத்துக்காக வந்தது. அந்த வேலைக்கு அது நல்லது. மேசையில் உட்கார்ந்து செய்கிற நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மூன்று சிறு பாட்டில்கள் மூன்றையும் நன்றாகச் செய்யும்.

போல்ட்டைக் கழற்றி டர்பன்டைனில் கழுவி வைத்திருக்கிறேன், பெயின்ட் கடையில் கிடைப்பதே போதும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே மலிவு, ஆனால் கழற்றிய எஃகு பாகங்களுக்கு மட்டும். பிளாஸ்டிக்கும் வார்னிஷும் அதன் முன் நிற்காது. போல்ட்டில் ஸ்பிரிங்கை இறுக்கும் காக்கிங் கேம் சரிவிலும், பூட்டும் லக்குகளின் பின்பக்கத்திலும் மட்டும் மாலிப்டினம் கிரீஸ், தீக்குச்சி முனையளவு. தோட்டாவை அடிக்கும் ஃபயரிங் பின்னுக்குக் கிரீஸ் கிடையாது. எண்ணெய்ப் படலம் துடைத்த துணியில் ஒட்டியிருக்கும் அளவுதான் அதற்கு. பிசுக்கு ஏறிய பின் மெதுவாக விழுந்தால் ரிம்ஃபயர் சீராகப் பற்றாது, அட்டையில் மேலும் கீழுமாகப் பரவும். இதை வளையத்தின் மேல் பழி போட்டுக்கொண்டு அலைகிறவர்கள் நிறைய.

வாங்கும் இடம் பற்றி ஒரு வயிற்றெரிச்சல். நான் ஆன்லைனில் வரவழைத்த கார்பன் கரைப்பான் பாட்டில் மூடி இறுக்காமல் வந்து பாதி பெட்டிக்குள்ளேயே வழிந்திருந்தது. விற்றவர் பதிலே சொல்லவில்லை. எரியும் திரவம் சாதாரண விமான அஞ்சலில் வராது, ஸ்ப்ரே டப்பாவும் அப்படித்தான். கடல்வழியாக வரும் பொருள் மாதக்கணக்கில் தாமதமாகும். அடுத்தமுறை கிளப்பில் நான்கைந்து பேர் சேர்ந்து மொத்தமாக வாங்கலாம் என்று பேசியிருக்கிறோம். ஃபெல்ட் துண்டுகளையும் அப்படியே சேர்த்து எடுக்க வேண்டும், ஜெர்மன் விஎஃப்ஜி ஃபெல்ட் ஒருமுறை கைக்கு வந்தவர்கள் பேட்ச் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

ஃபயரிங் பின் ஸ்பிரிங் புதிதாக ஒன்று சொல்லியிருக்கிறேன், பழையது சற்றுக் குறுகியிருப்பது காலிப்பரில் தெரிகிறது. அது வந்து போல்ட் மூடும் வரை குழு சோதனை தள்ளிப்போகும். சோதிக்கும்போது இதே தொகுதித் தோட்டாவோடு, முதல் பத்தைக் கணக்கில் எடுக்காமல், மெழுகு படிந்த பிறகு சுடும் குழுக்களை மட்டும் அளப்பேன். கேஸை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியிலும் கொஞ்சம் கரி இறுகியிருக்கிறது, பல்குத்தியால் சுரண்டினால் வருகிறது, இன்று இரவு அதை முடிக்க வேண்டும்.